கட்டி, புற்று, முத்துப்பிள்ளை

உடம்பின் மேல் முளைப்பவற்றுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் கிடையாது. பரு, மரு, கொப்புளம், பாலுண்ணி, சிலந்தி, வேனற்கட்டி, கழலை, பிளவை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டும். சர்க்கரை நோயாளியின் முதுகில் வரும் பெரிய பிளவைக்கு ராஜபிளவை என்று பட்டம் கட்டினார்கள். கழுத்தைச் சுற்றி வரிசையாக வீங்கும் கணுக்களுக்குக் கண்டமாலை என்று பெயர் வைத்தவர் யாரோ, நிச்சயம் கவிதை எழுதத் தெரிந்த ஆள்தான்.

இந்தப் பெயர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவற்றின் பெயர்கள். வைத்தியரிடம் விரலால் தொட்டுக் காட்டக்கூடியவை. ரவிக்கைக்குள், அடிவயிற்றுக்குள், அதற்கும் உள்ளே வருகிறவற்றுக்கு நம் வீட்டுப் பெண்களிடம் இருந்தது ஒரே சொல்தான். "வயித்துல கட்டியாம்." எங்கே, என்ன மாதிரி, எவ்வளவு பெரியது, எவ்வளவு நாளாக என்ற கேள்விகள் எதற்கும் அந்தச் சொல்லில் இடமில்லை. அதைச் சொல்லும்போது குரலும் தாழ்ந்துவிடும். "மாருல கட்டி" என்பதைச் சொல்லவே மாட்டார்கள். "நெஞ்சுல என்னமோ இருக்காம்" என்பார்கள். கேட்பவர் இதய நோய் என்று நினைத்துக்கொள்வார்.

முனைவர் பட்டத்துக்காகச் சங்கப் பாடல்களில் வரும் உடலுறுப்புப் பெயர்களைத் தொகுத்தவள் நான். உறுப்புகளின் பெயர்களிலிருந்து நோய்களின் பெயர்களுக்கு வந்து சேர அதிக தூரமில்லை. வந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. உடம்பில் இயல்புக்கு மாறாக வளர்பவற்றுக்கு மனிதர்கள் வைத்த பெயர்களின் வரலாறு, பெரும்பகுதி, பெண்ணுடலின் வரலாறு. பெயர் வைத்தவர்கள் மட்டும் அநேகமாக ஆண்கள்.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கதைகளில் ஒன்று ஹெரோடோட்டஸ் எழுதியது. பாரசீகப் பேரரசன் டாரியஸின் மனைவி அட்டோசாவுக்கு மார்பில் ஒன்று முளைத்தது. அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'ஃபூமா'. முளைத்தது, வளர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. நம் 'கட்டி'க்கு ஏறக்குறைய அக்கா முறை. அது சிறிதாக இருந்தவரை அட்டோசா வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். உடைந்து பரவிய பிறகுதான் டெமோசீடிஸ் என்ற கிரேக்க வைத்தியனை வரவழைத்தாள். அவன் குணப்படுத்தினான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அதற்குக் கூலியாகக் கிரேக்கத்தின் மீது படையெடுக்கும்படி கணவனைத் தூண்டச் சொன்னான் என்றும் எழுதுகிறார். வரலாற்றாசிரியர்கள் படையெடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த மறைத்தல்தான் முக்கியம். உலகின் மிகப் பெரிய பேரரசின் அரசிக்கு, கேட்டால் வைத்தியன் ஓடிவரும் நிலையில் இருந்தவளுக்கு, 2,500 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த அதே தயக்கம் இன்றைக்கும் தாலுகா ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறது.

'கேன்சர்' என்ற சொல் வந்த வழியும் இதுதான். கிரேக்கத்தில் நண்டுக்குப் பெயர் கார்கினோஸ். ஹிப்போக்ராடிஸின் பெயரால் வழங்கும் நூல்களில் இந்தப் பெயர் ஆறாத புண்களுக்கும் கட்டிகளுக்கும் வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் அதை லத்தீனில் கேன்சர் என்று எழுதினார், அதுவும் நண்டுதான். ஏன் நண்டு? இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் விளக்கம் சொன்னார்: கட்டியைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்து, நண்டின் உடலிலிருந்து கால்கள் விரிவதுபோல் தெரிகின்றன. இதை அவர் அடிக்கடி பார்த்த இடம் பெண்ணின் முலை. அன்றைய மருத்துவர்களுக்கு உடலைத் திறந்து பார்க்க வழியில்லை. நுரையீரலிலோ கணையத்திலோ இருப்பதைக் காணவே முடியாது. கண்ணுக்குத் தெரிந்த புற்று முலையில் வந்ததுதான். இன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும், எந்த உறுப்பில் வந்தாலும் உலகம் முழுக்கச் சொல்லும் அந்தப் பெயர், பெயரில்லாத ஏதோ ஒரு பெண்ணின் மார்பைப் பார்த்துச் சொன்ன உவமை.

உவமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேலன் காரணமும் சொன்னார். கறுப்புப் பித்தம் தேங்குவதால் இது வருகிறது. மாதவிலக்கில் சரியாகக் கழிவு வெளியேறாத பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. துக்கப்படுகிறவள், மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறவள், உடம்பு 'சுத்தமாகாதவள்' என்று நோயின் பெயரோடு நோயாளியின் குணமும் எழுதப்பட்டது. நமக்கு இது புதிதா என்ன? "ரொம்ப யோசிச்சுக்கிட்டே இருப்பா, அதான் கட்டி வந்துடுச்சு" என்று சொல்லாத வீடு எது?

அந்தக் காலத்தில் முலையை அறுத்தெடுப்பது எப்படி இருந்தது என்பதை மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அறுக்கப்பட்டவள் எழுதியது அபூர்வம். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி பாரிஸில் இருந்தபோது, 1811 செப்டம்பர் 30 அன்று, வீட்டிலேயே அவருக்கு அறுவை நடந்தது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் அறைக்குள் வந்தார்கள். முகத்தின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினார்கள்; அது வழியாக எல்லாமே தெரிந்தது. ஒரு மருத்துவர் காற்றில் விரலால் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, பிறகு ஒரு வட்டம் வரைந்து காட்டினார். முழு முலையையும் எடுக்கப்போகிறார்கள் என்று அவர் அறிந்தது அந்த விரல் அசைவில்தான். வாயால் ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் நடுவே படுத்திருந்தவர் மொழியையே தொழிலாகக் கொண்டவர் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பர்னி அதைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுத மாதக்கணக்கானது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவரால் முடியவில்லை. 1840 வரை உயிரோடு இருந்தார்.

நண்டு தமிழுக்கு வரவில்லை. சமஸ்கிருதம் வழியாகச் சில இந்திய மொழிகளில் 'கர்க்' என்று அது ஊர்ந்து போயிருக்கிறது. மலையாளத்தார் சுஸ்ருதரின் அர்புதம் என்ற பழைய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாம் சொல்வது புற்று.

இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. புற்று என்பது கறையான் கட்டியது. வெளியே தெரிவது ஒரு சிறு மேடு. உள்ளே எத்தனை அறை, எத்தனை வழி என்று யாருக்கும் தெரியாது. இடித்துத் தள்ளினால் அடுத்த மழைக்கு வேறிடத்தில் எழும்பும். உவமை என்ற அளவில் நண்டைவிட இது எத்தனையோ மேல் என்று என்னுள் இருக்கும் கவிஞர் சொல்வார். பழைய சித்த மருத்துவ வழக்கில் உறுப்பின் பெயரோடு சேர்ந்து லிங்கப்புற்று, யோனிப்புற்று என்று இச்சொல் கூச்சமில்லாமல் நடமாடியது. அரித்துத் தின்னும் புண் என்பது அங்கே பொருள்.

ஆனால் நம் பெண்களுக்குப் புற்று என்பது வேறொன்றும்கூட. அது அம்மன். மேல்மலையனூரில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டு, நாக்கிலும் வைத்துக்கொள்வார்கள். பிள்ளையில்லாதவள் வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுவாள், மஞ்சள் பூசுவாள், சுற்றி வருவாள். புற்று வளர்ந்தால் தாயே வளர்கிறாள் என்று கூரை போட்டுக் கோயிலாக்குவார்கள். கருப்பை வேண்டிப் பால் ஊற்றிய அதே சொல், கருப்பையில் வந்து உட்கார்ந்துகொண்டது என்று மருத்துவர் சொல்லும்போது கிராமத்துப் பெண்ணின் மனதில் என்ன நடக்கும்? சாமி குற்றம் என்ற எண்ணம் வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. எந்த வெள்ளிக்கிழமை தவறினேன், தீட்டோடு எந்தப் பக்கம் போனேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அது ஊன்றிவிட்ட சொல். அந்தச் சொல்லைக் கேட்கும் காதுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சொல்கிறவர் அறிந்திருந்தால் போதும்.

இதைவிடவும் நான் அதிகம் நின்று பார்த்தது கருவுக்கும் கட்டிக்கும் இடையில் நடந்த குழப்பத்தை. பெண்ணின் வயிறு பெருத்தால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். மருத்துவமும் அதையேதான் நினைத்தது.

சரக சம்ஹிதையில் ரக்தகுல்மம் என்று ஒன்று வருகிறது. ரத்தம் திரண்டு வயிற்றில் கட்டியாவது. இது பெண்களுக்கு மட்டுமே வரும் என்கிறது நூல். மாதவிலக்கு நிற்கும், வாந்தி வரும், முலை கனக்கும். கர்ப்பம் போலவே இருக்கும். வேறுபாடு என்னவென்றால் குழந்தையாக இருந்தால் கை கால்கள் தனித்தனியே அசையும். இது மொத்தமாக ஒரு பிண்டமாக அசையும். அதனால் பத்து மாதம் கழியும்வரை வைத்தியம் செய்யக் கூடாது. அறியாமல் கருவைக் கொன்றுவிடக் கூடாதல்லவா. பத்து மாதம் அவள் எதைச் சுமக்கிறாள் என்று தெரியாமலேயே சுமந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் சரகர் சொல்லும் காரணத்தை முதன்முதல் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பெண்கள் பிறரைச் சார்ந்து வாழ்வதாலும், போதிய அறிவு ஊட்டப்படாததாலும், எந்நேரமும் பிறருக்குப் பணிவிடை செய்தபடி இருப்பதாலும், மலம் சிறுநீர் முதலிய இயற்கை உந்துதல்களை அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் வாயு சினந்து இந்தக் கட்டி வருகிறது. நோய்க்காரணமாக இன்று இதை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மருத்துவ நூல், பெண்ணின் வயிற்றுக் கட்டிக்குக் காரணம் தேடிப் போய், அவளுடைய குணத்தில் நிற்காமல் அவளுடைய வேலைநேரத்தில் போய் நின்றிருக்கிறது. கேலன் பித்தத்தைப் பார்த்தார். இங்கே யாரோ அடுப்படியைப் பார்த்திருக்கிறார்கள். கழிப்பறை சரியில்லாத கல்லூரியில் காலை ஒன்பது மணியிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் மாணவிகளுக்கு இந்தப் பத்தியை நான் படித்துக் காட்டுவதுண்டு. சிரிப்பார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

இந்தக் குல்மம்தான் தமிழில் குன்மம் ஆனது. வந்து சேர்ந்தபோது அது வயிற்று வலியாகவும் செரியாமையாகவும் மாறி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிட்டது. பணிவிடை பற்றிய வரி வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

கிரேக்கத்தில் இதே குழப்பத்துக்குப் பெயர் மூலே. திரிகைக்கல். அரிஸ்டாட்டில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்: கருவுற்றதாக எண்ணினாள், வயிறு பெருத்தது, பேறுகாலம் வந்தது, பிள்ளை வரவில்லை, வயிறும் குறையவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் அப்படியே இருந்து கடைசியில் ஒரு சதைப்பிண்டம் வெளிவந்தது. அதுதான் திரிகைக்கல். லத்தீனில் மோலா ஆகி, இன்றைய மருத்துவத்தில் 'மோலார் கர்ப்பம்' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. கரு உருவாகும்போது நேரும் பிழையால், குழந்தைக்குப் பதிலாக நஞ்சுக்கொடித் திசு நீர்க்குமிழிகளாகப் பெருகிக் கொத்துக் கொத்தாக வளர்வது. விரைவில் அகற்றாவிட்டால் புற்றாகவும் மாறலாம்.

தமிழில் இதன் பெயர் முத்துப்பிள்ளை. அந்தக் குமிழிகளைப் பார்த்துவிட்டு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். மருத்துவச்சியின் கை ஏந்தி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, வலியில் கிடப்பவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்த பெயர் என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள். கிரேக்கத்து அறிஞர் கல் என்றார். நம்மவள் முத்து என்றாள். அதோடு விடாமல் பிள்ளை என்றும் சேர்த்தாள். கலைச்சொல் அகராதிகளில் நான் பார்த்த எந்தச் சொல்லுக்கும் இந்தப் பரிவு கிடையாது.

பரிவு இல்லாத இடத்தில் இதே குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு லண்டன் அரண்மனை சாட்சி. 1839இல் விக்டோரியா அரசியின் தாய்க்குப் பணிப்பெண்ணாக இருந்த ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ் பிரபுகுலப் பெண், திருமணமாகாதவர். வயிறு பெருக்கத் தொடங்கியது. கர்ப்பம் என்று அரண்மனையில் பேச்சு கிளம்பியது. இளம் அரசியே அதை நம்பினார். தான் கன்னி என்று நிரூபிக்க இரண்டு ஆண் மருத்துவர்களின் சோதனைக்கு அவர் உடன்பட வேண்டியிருந்தது. சோதித்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் வாய்கள் மூடவில்லை. ஜூலை 5 அன்று இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது கல்லீரல் பெருத்திருந்தது. கட்டி என்று தெரிவதற்கு முன் அவருக்கு வேறொரு பெயர் கிடைத்துவிட்டது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபர்டின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் என்றுதான் மருத்துவர்கள் நம்பினார்கள். காலம் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை. எஃப்ரேம் மெக்டவல் என்ற அறுவை மருத்துவர் வந்து பார்த்து இது கர்ப்பமில்லை, சூலகத்தில் கட்டி என்றார். எடுக்க வேண்டுமானால் தன் ஊருக்கு வர வேண்டும் என்றார். அறுபது மைல். டிசம்பர் குளிரில் குதிரைமேல், வயிற்றைச் சேணத்தில் தாங்கியபடி அந்தப் பெண் போனார். 1809 கிறிஸ்துமஸ் நாளில், மயக்க மருந்து ஏதுமின்றி, அவர் தோத்திரப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருக்க, இருபத்தைந்து நிமிடத்தில் கட்டியை எடுத்தார் மெக்டவல். பத்துக் கிலோவுக்கு மேல் எடை. ஜேன் அதற்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வயிற்றறுவை மருத்துவத்தின் வரலாறு மெக்டவலின் பெயரில் தொடங்குகிறது. குதிரையில் போனவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

கட்டியைக் கருவாகப் பார்க்கும் பழக்கம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கருப்பையில் நார்க்கட்டி வந்தவர்கள் தங்கள் மருத்துவச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கருப்பை '14 வார அளவு' என்று எழுதியிருக்கும். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குகிறவளின் கட்டிக்கும் கர்ப்பக் கணக்குத்தான் அளவுகோல். என் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

நார்க்கட்டி என்ற சொல்லும் விசித்திரமானது. ஆங்கிலத்தில் ஃபைப்ராய்டு, நார் போன்றது. ஆனால் அது நாரினால் ஆனதல்ல, கருப்பைத் தசையிலிருந்தே வளர்வது என்று ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோவ் 1850களிலேயே காட்டிவிட்டார். மருத்துவ நூல்கள் மயோமா, தசைக்கட்டி, என்று திருத்திக்கொண்டன. பேச்சு வழக்கு திருந்தவில்லை. நாம் அந்தப் பிழையான பெயரைக் கவனமாகத் தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம். இதே விர்ஷோவ்தான் சூலகத்தில் முடியும் பல்லுமாக வளரும் ஒருவகைக் கட்டிக்குத் தெரட்டோமா என்று பெயரிட்டவர். தெராஸ் என்றால் கிரேக்கத்தில் பேருருப் பூதம். பெரும்பாலும் தீங்கற்றது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பெயர் மட்டும் பூதக்கட்டி. பெண் உடலுக்குள் எதிர்பாராத ஒன்றைக் கண்டவுடன் ஆணுக்கு வரும் முதல் சொல் எது என்று பாருங்கள்.

தீங்கற்றது என்றேன். ஆங்கில மருத்துவத்தில் பினைன், மாலிக்னன்ட் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். லத்தீன் வேரைப் பார்த்தால் நல்ல குணம், கெட்ட குணம். நம் பெண்கள் லத்தீன் படிக்காமலேயே இதைச் சரியாகச் சொல்கிறார்கள்: "சாதாக் கட்டிதான்", "கெட்ட கட்டியாம்". எழுத்துத் தமிழ் இன்னும் தடுமாறுகிறது. 'வீரியம் மிக்க கட்டி' என்று ஒரு நாளிதழில் படித்தேன். வீரியம்! நல்ல விதைக்கும் ஆண்மை லேகிய விளம்பரத்துக்கும் சொல்வதைக் கொண்டுவந்து கொல்லும் நோய்க்குச் சூட்டியிருக்கிறார்கள்.

நல்ல மொழிபெயர்ப்புக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம் என்று பாடநூல்களை வெளியிட்டார். தமிழில் சொல் இருக்கிறதா பார், இல்லையென்றால் சமஸ்கிருதத்தைப் பார், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவருடைய முறை. அந்த மரபின் நிழல் ஈழத்துப் பாடநூல்களில் இன்னும் உண்டு. நாம் சினைப்பை என்பதை அவர்கள் சூலகம் என்கிறார்கள். சினை நம் பேச்சில் மாட்டுக்கு. சூல் கொள்வது மேகமும் நெற்கதிரும். எனக்கு மாட்டின் மேல் வருத்தம் ஏதுமில்லை, ஆனாலும் சூலகத்தையே நான் எழுதுவேன். தமிழகத்தில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டதால், நோயாளிப் பெண்ணுக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில் ஒரு தாளும், "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எடுத்துடலாம்" என்ற ஒரு வாக்கியமும்தான். எதை எடுக்கிறார்கள், கட்டியையா கருப்பையையா என்று வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் கேட்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும்.

புற்று என்ற சொல்லை மருத்துவமனை வாசலில் வெளிச்சமாக எழுதி வைத்தவர் ஒரு பெண். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று எண்ணித்தான் வைத்தியம் நடந்தது. சரியான பெயர் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வீட்டில் மருத்துவம் படித்த அக்கா இருந்தும் இதுதான் நிலைமை. தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் நின்ற அந்த அம்மையார் இதையும் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, நேருவை அழைத்து 1952இல் அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கைகள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அடையாறு என்ற ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டது தனிக்கதை. "அடையாறு போயிட்டு வந்தோம்" என்றால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பேச்சடைப்பைச் சினிமாவும் வளர்த்தது. நம் திரைப்பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்தான் வரும். அதில் கட்டி இல்லை. முலை, கருப்பை, மலக்குடல் என்று எந்த உறுப்பையும் சொல்ல வேண்டியதில்லை. இருமி, கைக்குட்டையில் ஒரு சொட்டு, பிறகு ஒரு பாட்டு. அழகாகச் சாகலாம்.

முலை என்று நான் எழுதும்போதெல்லாம் சில வாசகர்கள் நெளிகிறார்கள் என்று அறிவேன். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதிய தாய், மகன் புறமுதுகு காட்டியிருந்தால் அவன் பாலுண்ட முலையை அறுப்பேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். கண்ணகி இடமுலையைத் திருகி மதுரை மேல் எறிந்தாள். இவற்றைப் பாடமாக வைத்து மதிப்பெண் போடுகிறோம். 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு எழுந்த வசைகளையும் நான் மறக்கவில்லை. அப்போது நான் எழுதத் தொடங்கியிருந்த காலம். ஆண் பார்த்து வர்ணித்தால் கொங்கை, காவியத்தில் எரிந்தால் கற்பு, பெண் தன் உடம்பைத் தானே பெயர் சொன்னால் ஆபாசம். இந்த இலக்கியச் சண்டைக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். முலை என்பது வசையாகிவிட்டதால்தான் மார்பகம் வந்தது. அதுவும் வாயில் வராமல் நெஞ்சு வந்தது. நெஞ்சில் கட்டி என்று சொல்லி எந்தப் பிரிவில் சீட்டு எடுப்பாள்? மாதம் ஒருமுறை தானே தடவிப் பாருங்கள் என்று ரோஜா நிற நாடா கட்டி விழிப்புணர்வு ஊர்வலம் போகிறோம். பெயர் சொல்லக் கூசுகிற உறுப்பைத் தடவிப் பார்ப்பதற்குக் கை எப்படி வரும்?

என் மாணவிகளிடம் வருகிறேன். அவர்கள் அதிகம் சொல்லும் சொல் இன்று 'நீர்க்கட்டி'. "மிஸ், எனக்குக் கர்ப்பப்பைல நீர்க்கட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதவர்கள் உண்டு. பத்தொன்பது வயது. அம்மா உடனே கல்யாணம் செய்துவிடலாம் என்கிறார். அத்தை இனிப் பிள்ளையே பிறக்காது என்கிறார். அவர்கள் கையிலிருக்கும் தாளில் பி.சி.ஓ.எஸ். என்று இருக்கும். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இருவர் ஏழு பெண்களைப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். பல கட்டிகள் கொண்ட சூலகம் என்று பொருள். ஆனால் அவை கட்டிகளே இல்லை. மாதாமாதம் முதிர்ந்து முட்டையை வெளிவிட வேண்டிய நுண்பைகள் பாதியில் வளர்ச்சி நின்று வரிசையாக இருப்பது ஸ்கேனில் அப்படித் தெரிகிறது. கோளாறு ஹார்மோன்களில். பெயர் திசைதிருப்புகிறது, மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2012இல் பரிந்துரைத்தது.

தமிழில் நாம் இன்னொரு படி போயிருக்கிறோம். சூலகத்தில் இருப்பதைக் கர்ப்பப்பைக்கு மாற்றிவிட்டோம்; கட்டி இல்லாததைக் கட்டியாக்கிவிட்டோம். "நீர்க்கட்டி கரைய" என்று லேகியம் விற்கிறார்கள். கரைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கேலனும் சரகரும் இருப்பதற்குத்தான் பெயர் வைத்தார்கள். இல்லாத கட்டியைச் சுமந்து அழுகிறவர்கள் என் வகுப்பறையில் இருக்கிறார்கள். கர்ப்பப்பை என்ற சொல் வந்ததுமே அத்தைகள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சூலகத்து ஹார்மோன் கோளாறு என்றால் அவர்களுக்குப் பேச அவ்வளவு இருக்காது. அதனால் வகுப்பில் முதலில் கரும்பலகையில் படம் வரைகிறேன். இது கருப்பை, இது கருப்பைவாய், இது சூலகம். தமிழ்ப் பேராசிரியைக்கு இது எதற்கு என்று கேட்ட சக ஆசிரியரிடம், இவை தமிழ்ச் சொற்கள்தானே என்றேன்.

பெயர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஹென்ரியெட்டா லாக்ஸைச் சொல்லாமல் விட முடியாது. பால்டிமோரில் வாழ்ந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகளின் தாய். மருத்துவமனைக்குப் போவதற்கு வெகு நாள் முன்பே தன் உறவுக்காரப் பெண்களிடம் கருப்பையில் ஒரு முடிச்சு இருப்பதாகச் சொல்லியிருந்தார். நம் சுஸ்ருதரும் இப்படிப்பட்ட ஒருவகைக் கட்டிக்குக் கிரந்தி, முடிச்சு, என்றுதான் பெயர் வைத்திருந்தார். 1951 தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சோதித்தபோது அவர் சொன்ன இடத்திலேயே, கருப்பைவாயில், அது இருந்தது. அவரைக் கேட்காமல் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். செல்கள் சாகாமல் பெருகின. அவர் அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று இறந்தார், வயது 31. பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஹீலா என்று செல்களுக்குப் பெயரிட்டார்கள். குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் எதுவும் தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் அவருடைய கட்டிக்கு எழுதப்பட்ட பெயர் மேல்தோல்வகைப் புற்று. 1970களின் தொடக்கத்தில் பழைய கண்ணாடித் துண்டுகளை மறுபடி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அது சுரப்பிவகைப் புற்று. பதிவேட்டுப் பெயர் தவறு என்று திருத்தினார்கள். அவர் சொன்ன முடிச்சைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.